புழு நேற்றைவிட இன்று குட்டையாகுமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் எலுமிச்சை இலைப் புழு வளர்க்கிறோம். தினமும் ஸ்கேல் வைத்து நீளம் எடுத்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு குழுவின் நோட்டில் 14, 17, 16, 15, 21 என்று இருக்கிறது, எல்லாம் மில்லிமீட்டரில். வளர்கிற உயிர் எப்படிக் குறையும்? பிள்ளைகள் சரியாக அளக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நோட்டைத் திருத்திக் கொடுக்கலாமா, இல்லை முதலிலிருந்து அளக்கச் சொல்லலாமா?

ஜூலை 1, மாலை

திருத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். அந்த 16-ம் 15-ம் அப்படியே இருக்கட்டும், யாரும் ரப்பரை எடுக்க வேண்டாம்.

புழுவுக்கு உள்ளே எலும்பு கிடையாது. உள்ளே இருக்கும் நீர்மத்தின் அழுத்தத்தில் உடம்பு நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். நடக்கும்போது நீளும், தொட்டால் சுருங்கும், இலை விளிம்பில் குனிந்து தின்னும்போது வேறொரு நீளம். ஒரே புழுவை ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை அளந்தால் மூன்று எண் வரும். ஆகவே 17-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை வைத்துப் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது, புழுவையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் வரிசையில் எனக்குப் பிடித்தது கடைசி இரண்டு எண்கள். 15, உடனே 21. அந்த 15 எடுத்த நாளில் புழு தின்னாமல் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததா என்று அந்தக் குழுவைக் கேளுங்கள். ஆமாம் என்றால் அது தோலுரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. தோலுரிப்பதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும், உடம்பு கொஞ்சம் இறுகும், பிறகு பழைய தோலிலிருந்து வெளியே வந்ததும் தளர்வான புதுத் தோலில் சட்டென்று நீளும். உங்கள் பிள்ளைகள் ஒரு தோலுரிப்பையே எண்களில் பிடித்திருக்கிறார்கள், அது என்னவென்று தெரியாமலே.

ஜூலை 1, இரவு

மாலையில் அவ்வளவு வேகமாகத் "திருத்தாதீர்கள்" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் முதல் முறை வகுப்பில் புழு வளர்த்த வருடம், ஒரு பெண் குழந்தை 38-க்கு அடுத்த நாள் 33 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 33-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 39 என்று எழுதினேன். புழுவைப் போய்ப் பார்க்கவில்லை. முந்தைய நாள் 38, வேகமாக வளர்கிற பருவம், ஆகவே 39 இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை டப்பாவின் சுவரில் கூட்டுப்புழு. அப்போதுதான் புரிந்தது: கூட்டுப்புழுவாவதற்கு முன் புழு வயிற்றைக் காலி செய்யும், தின்பதை நிறுத்திவிடும், உடம்பு குறுகிப் பருத்துக் கூன் போட்டு உட்காரும். 33 சரியான எண். வகுப்பில் அன்று அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான். நான் அதை அடித்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பு முன்னால் அவளிடம் சொன்னேன், நீ எழுதியதுதான் சரி, டீச்சர் எழுதியது தப்பு என்று. அவள் தலையாட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு எண்ணையும் எழுதும் முன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். அது இன்னும் மனதில் இருக்கிறது.

ஜூலை 2

எப்படி அளக்கச் சொல்கிறீர்கள் என்று பதிலுக்கு என்னையே கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

ஸ்கேலைப் புழுவின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், புழுவை ஸ்கேலின் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். கிராஃப் தாள் போதும். டப்பாவின் தரையில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளை விரித்து, புழு இருக்கும் இலையை அப்படியே அதன் மேல் வைத்து, புழு தானாக நேராக நிற்கும்போதோ நடக்கும்போதோ கட்டத்தை எண்ணலாம். இன்னும் நல்லது, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது. சாய்வாக எடுத்தால் எண் மாறும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்போதும் தன் உயரத்திலிருந்து, அதாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கும், அதைக் கவனியுங்கள். புழு இலையின் மேல் நின்றால் தாளிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கும், அதனாலும் எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். தினமும் ஒரே மாதிரி எடுத்தால் போதும், ஒப்பிட முடியும்.

ஸ்கேல்தான் வேண்டும் என்றால், அதில் 0 எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க அதற்கே ஒதுக்குங்கள். பல ஸ்கேல்களில் 0 கோடு விளிம்பில் இருக்காது, உள்ளே கொஞ்சம் தள்ளி இருக்கும். பிள்ளைகளில் சிலர் 1-லிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் எண்ணுவது 1-லிருந்துதானே. அப்படி ஒரு குழு தொடங்கினால் அவர்கள் புழு மட்டும் ஒரு சென்டிமீட்டர் அதிகம் வளர்ந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. ஒரு புழுவை மூன்று பிள்ளைகள் தனித்தனியாக அளக்கட்டும், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல். மூன்று எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுக்கத் தெரியாத பிள்ளைக்கும் நடு எண் புரியும். மூன்றையும் நோட்டில் வைத்திருங்கள், நடுவை வட்டம் போடுங்கள்.

ஜூலை 3

உங்கள் கேள்வியைப் படித்த கையோடு என் வகுப்பிலும் இந்த வருடத்துக்குத் தொடங்கிவிட்டேன். ஐந்து முட்டை, ஒரு சின்னப் புழு. முட்டைகள் இலையோடு வந்தன, புழு செடியில் இருந்ததைப் பிள்ளைகள் பார்த்து எடுத்து வந்தது. இன்று காலை ஐந்தும் பொரித்துவிட்டன. முட்டை வெளிர் மஞ்சளாக உருண்டையாக இருந்தது, நேற்றே ஒரு பக்கம் கருத்துவிட்டது. அது உள்ளே இருக்கும் தலை. வெளியே வந்ததும் முதல் சாப்பாடு அந்த முட்டை ஓடுதான். ஒரு பையன் "வீட்டையே தின்னுது டீச்சர்" என்றான், அதையே அன்றைய பதிவாக எழுதச் சொல்லிவிட்டேன்.

நீளம் 2-லிருந்து 3 வரை. இரண்டு மூன்று கட்டத்துக்குள் புழு முடிந்துவிடுகிறது. இந்த நாட்களில் "3-க்குக் கீழே" என்று எழுதினால் போதும், 2.4 என்றெல்லாம் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை எழுதச் சொன்னால் பிள்ளை கற்பனையாக எழுதும்.

ஜூலை 4

ஒவ்வொரு புழுவையும் எப்படி அடையாளம் வைப்பது? பெயின்ட் புள்ளி வைக்கலாமே என்று கேட்டீர்கள். நானும் ஒரு வருடம் வைத்தேன், நகப்பூச்சில் சின்னப் புள்ளி. இரண்டே நாளில் புள்ளி காணோம், பழைய தோலோடு போய்விட்டது. ஒரு புழுவுக்கு ஒரு டப்பா, டப்பாவில் எண், அதுதான் வழி. ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள காலம் ஒரு பருவம். பொதுவாக ஐந்து பருவம், நான்கு தடவை தோல் மாற்றும், ஐந்தாவது தடவை உரிக்கும்போது கூட்டுப்புழு.

ஜூலை 5

எடையைப் பற்றி. முதலில் எழுத நினைத்தது, "நீளத்தை விடுங்கள், எடைதான் உண்மையான வளர்ச்சி" என்று. எழுதிவிட்டு அழித்தேன். உண்மைதான், எடை சுருங்கி நீண்டு ஏமாற்றாது. ஆனால் இப்போது பொரித்த புழுவின் எடை ஒரு மில்லிகிராமுக்குள் இருக்கும். நகை எடை போடும் சின்ன எலக்ட்ரானிக் தராசு 0.01 கிராம், அதாவது 10 மில்லிகிராம் வரைதான் காட்டும். ஐந்து புழுவையும் சேர்த்து வைத்தாலும் 0.00 என்றுதான் காட்டியது. ஒரு குழந்தை நோட்டில் "எடை இல்லை" என்று எழுதினாள். "தராசுக்குத் தெரியவில்லை" என்று அவளே மாற்றிக்கொண்டாள், அரை மணி நேரம் பேசிய பிறகு. அந்த அரை மணி நேரம் எனக்கு இந்த வாரத்திலேயே நல்ல நேரம்.

நான்காவது பருவத்திலிருந்து தராசு உதவும். அதுவரை களிமண் போதும். பட்டாணி அளவு களிமண் உருண்டையை உருட்டி ஒரு புழு செய்யச் சொல்லுங்கள். பிறகு அதே வடிவத்தில், இரண்டு மடங்கு நீளமும் இரண்டு மடங்கு தடிமனும் உள்ள புழு. எத்தனை உருண்டை வேண்டும்? எல்லாரும் இரண்டு என்பார்கள், சிலர் நான்கு என்பார்கள். செய்து பார்த்தால் எட்டு. நீளம் 5-லிருந்து 10 ஆனதை நோட்டில் பார்க்கும் பிள்ளைக்கு உடம்பு எட்டு மடங்கு ஆனது தெரியாது, களிமண் பிசைந்த கைக்குத் தெரியும். பட்டுப்புழு பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை ஏறக்குறைய நான்கு வாரத்தில் சுமார் 10,000 மடங்கு எடை கூடுகிறது, நீளம் 3 மில்லிமீட்டரிலிருந்து 7 சென்டிமீட்டர் சொச்சம். நீளத்தை மட்டும் பார்த்தால் இருபத்தைந்து மடங்குக்குள்தான்.

ஜூலை 8

சனி ஞாயிறு போய் வந்தோம். வெள்ளிக்கிழமை 5, இன்று 11.

இங்கே ஒரு விஷயம். நாங்கள் பட்டை வரைபடத்தைப் பேப்பர் துண்டிலேயே செய்கிறோம்: அன்றைய நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தேதி எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டுவது. சின்னதாக இருக்கும் நாட்களில் பத்து மடங்கு பெரிதாக்கி வெட்டுகிறோம், 5 மில்லிமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர் துண்டு. இன்று காலை பிள்ளைகள் திங்கள் துண்டை வெள்ளித் துண்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்கள். பார்த்தால் ஒரே இரவில் புழு இரண்டு மடங்கானது போல இருந்தது. சனிக்கும் ஞாயிறுக்கும் இடம் விட வேண்டுமா என்று பெரிய விவாதம். "அளக்கலையே, அப்புறம் எதுக்கு இடம்?" என்று ஒருத்தி. "நாம வரலை, புழு வளர்ந்துச்சே" என்று இன்னொருத்தி. இடம் விட்டோம். வெறும் சுவராகவே இருக்கட்டும், நடுவில் உத்தேசமாக எதையும் ஒட்டக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள்.

டப்பாவைச் சுத்தம் செய்யும்போது 2-ம் எண் டப்பாவில் கருப்பாக ஒரு துகள் கிடந்தது. எச்சம் என்று தட்டிவிடப் பார்த்தேன், நல்லவேளை லென்ஸ் கையில் இருந்தது. கடுகில் பாதிகூட இல்லை, பளபளவென்று, உள்ளே குடைவாக, ஒரு பக்கம் கிண்ணம் போலத் திறந்து, நடுவில் மெல்லிய கோடு. அது தலையின் ஓடு. புழு தன் பழைய தோலைப் பெரும்பாலும் தின்றுவிடும், ஆனால் தலை ஓடு தனியாகக் கழன்று விழுந்துவிடும். செல்லோ டேப்பில் ஒட்டிக் கிராஃப் தாளில் வைத்துவிட்டோம்.

ஜூலை 9

அந்தத் தலையோட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது என்று நேற்று இரவு தோன்றியது.

நீளம் ஏன் ஏமாற்றுகிறது? உடம்புத் தோல் மடிந்து மடிந்து இருக்கிறது, ஒரு பருவத்துக்குள்ளேயே விரிந்து கொடுக்கிறது. தலை அப்படியில்லை. அது கெட்டி ஓடு. ஒரு பருவம் தொடங்கும்போது எவ்வளவு அகலமோ முடியும்போதும் அவ்வளவுதான். புழு நீண்டாலும் சுருங்கினாலும், பசித்தாலும் தின்றாலும், தலை அகலம் மாறாது. தோலுரிக்கும்போது மட்டும் ஒரு தாவு தாவும். அதாவது தலை வளர்வது படிக்கட்டு மாதிரி, உடம்பு வளர்வது சரிவு மாதிரி.

அந்தப் படிகளிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹாரிசன் டயர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1890-இல் இதை எழுதினார்: பல இனப் புழுக்களின் தலை அகலத்தை ஒவ்வொரு பருவத்திலும் அளந்து பார்த்தால், ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறக்குறைய ஒரே மடங்கில் கூடுகிறது. இனத்துக்கு இனம் அந்த மடங்கு மாறும், பெரும்பாலும் ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் பக்கத்தில். இன்றும் பூச்சியியலாளர்கள் ஒரு புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்லத் தலையைத்தான் அளக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு விகிதம் சொல்லித்தர முடியாது. ஆனால் மடிக்க முடியும். தலையோட்டின் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி அச்சிட்டோம். முதல் தலை 6 மில்லிமீட்டர் வந்தது (உண்மையில் 0.6). அந்த அகலத்துக்குப் பேப்பர் துண்டு வெட்டி, இன்னொன்றை அதே அளவில் வெட்டிப் பாதியாக மடித்து முதல் துண்டோடு ஒட்டினால் ஒன்றரை. அதுதான் அடுத்த தலை என்று ஊகிப்பது. 6, 9, பிறகு 13 அரை, பிறகு 20, பிறகு 30. ஐந்து துண்டையும் சுவரில் ஒட்டியாகிவிட்டது. இனிப் புழுக்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 10

1-ம் டப்பா நேற்று 12, இன்று 11. அசையவில்லை, தின்னவில்லை. "செத்துப்போச்சா?" என்று கேட்டு ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். லென்ஸில் காட்டினேன்: பழைய தலைக்குப் பின்னால், கழுத்துப் பக்கம் தோல் உப்பி இருந்தது. புதுத் தலை அங்கே தயாராகிறது, பழைய தலை அதன் முன்னால் முகமூடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் மட்டும் தொடவோ இலையிலிருந்து பிரிக்கவோ கூடாது. அது இலையில் மெல்லிய பட்டு விரித்துக் காலை மாட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பிடி இருந்தால்தான் பழைய தோலிலிருந்து நடந்து வெளியே வர முடியும். புது இலை வைக்க வேண்டுமென்றால் பழைய இலையோடு சேர்த்து வையுங்கள்.

11 என்ற எண்ணை யாரும் அழிக்கவில்லை. பக்கத்தில் "உட்கார்ந்திருக்கிறது" என்று எழுதினார்கள். இதை உங்கள் வகுப்பிலும் செய்யச் சொல்லுங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை: தின்கிறது, நடக்கிறது, உட்கார்ந்திருக்கிறது. பிறகு 17, 16, 15 தானே பேசும்.

ஜூலை 11

எருக்க இலைப் புழு பரவாயில்லையா என்று கேட்டீர்கள். வெள்ளை, கருப்பு, மஞ்சள் வரி போட்டு அழகாக இருக்கும், சீக்கிரம் வளரும், ஆனால் நான் சின்ன வகுப்பில் வைக்க மாட்டேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும், இலை பறித்த கையால் பிள்ளை கண்ணைக் கசக்கத்தான் செய்யும். உடம்பில் முடி உள்ள கம்பளிப்பூச்சி வேண்டவே வேண்டாம், அரிப்பும் தடிப்பும் வரும். எலுமிச்சைப் புழுவுக்கு முடி இல்லை, கடிக்காது. ரொம்பத் தொந்தரவு செய்தால் கழுத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், அவ்வளவுதான். பிள்ளைகள் அதை நாக்கு என்பார்கள். நாக்கு இல்லை, எதிரியை விரட்டும் உறுப்பு. அது வெளியே வந்தால் அன்றைக்கு அளவை நிறுத்திவிடுங்கள், புழு பயந்திருக்கிறது.

இலைக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது, இது எல்லாவற்றையும்விட முக்கியம். கழுவினாலும் போகாத மருந்து உண்டு.

ஜூலை 12

6-ம் டப்பா. இது முட்டையிலிருந்து வந்ததல்ல, செடியில் புழுவாக எடுத்தது. மூன்று நாளாக எண் நகரவில்லை: 16, 16, 16. தோலுரிக்கப் போகிறது என்று நானே சொல்லியிருந்தேன். தப்பு. இன்று காலை அதன் பக்கத்தில் வெள்ளையாக அரிசி மணியைவிடச் சின்னக் கூடுகள். ஒட்டுண்ணிக் குளவி. செடியில் இருக்கும்போதே குளவி உள்ளே முட்டை வைத்திருக்கிறது, குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டிவிட்டன.

மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மறைக்கவில்லை. அமைதியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையன் சுவரில் இருந்த மூன்று சமமான துண்டுகளைக் காட்டி, "இது சாப்பிட்டது இவங்களுக்குப் போயிருக்கு" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அளவு எடுக்கத் தொடங்குவதென்றால் முட்டையிலிருந்து தொடங்குங்கள் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

ஜூலை 15

வெள்ளிக்கிழமை பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக 20 மில்லிமீட்டர். இன்று பச்சைப் பசேல், 33. டப்பாவைத் திறந்ததும் வகுப்பே "யாரோ மாத்திட்டாங்க" என்று கத்தியது. டப்பாவில் கிடந்த தலையோட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அவர்கள் சாட்சி கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

தலைக் கணக்கு இதுவரை, பத்து மடங்கு பெரிதாக்கியதில்: 6, 10, 14, 21. மடித்த துண்டுகள் சொன்னது 6, 9, 13 அரை, 20. துண்டைத் தலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு திருத்தம். தலையை அளப்பது எளிது என்பது போல 9-ம் தேதி எழுதிவிட்டேன். கடைசிப் பருவத்தில் எளிதில்லை. இன்று ஒரு குழு தலை அகலம் 7 மில்லிமீட்டர் என்று எழுதியது. அவர்கள் அளந்தது தலையை அல்ல, தலைக்குப் பின்னால் உப்பிய மார்புப் பகுதியை. அதில் இரண்டு பக்கமும் பெரிய கண் மாதிரி புள்ளி இருக்கிறது, யாராக இருந்தாலும் அதைத்தான் முகம் என்பார்கள். உண்மையான தலை கீழே குனிந்து, பாதி மறைந்து, சின்னதாக இருக்கிறது. உண்மையான கண்கள் பக்கத்துக்கு ஆறு, புள்ளி புள்ளியாக, லென்ஸில்தான் தெரியும். நேர் மேலிருந்து படம் எடுங்கள் என்று நான் சொன்னது நீளத்துக்குச் சரி, இந்தப் பருவத் தலைக்கு உதவாது. ஐந்தாவது தலையின் இடம் சுவரில் காலியாக இருக்கிறது.

ஜூலை 16

39. தராசில் முதல் முறையாக மதிப்பான எண்: 1 கிராமைத் தாண்டிவிட்டது. இலை எவ்வளவு தின்கிறது என்பதையும் எடுக்கிறோம். கொடுக்கும் முன் இலையைக் கிராஃப் தாளில் வைத்து ஓரம் வரைவது, மறுநாள் மிச்சத்தை அதற்குள் வைத்து வரைவது, நடுவில் போன கட்டங்களை எண்ணுவது. முதல் வாரம் முழுக்கச் சேர்த்துக்கூட ஓர் இலை போகவில்லை. நேற்று மட்டும் ஒரு புழு நான்கு இலை. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும்: மொத்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே போகும். ஆகவே இலையைக் கடைசி வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

"எப்போ நிறுத்தணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. புகையிலைச் செடியைத் தின்னும் மண்டூகா என்ற அந்துப்பூச்சியின் புழுவை வைத்து நைஹௌட், வில்லியம்ஸ் என்ற இருவர் 1974-இல் காட்டினார்கள்: கடைசிப் பருவத்தில் புழு ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு பட்டினி போட்டாலும் கூட்டுப்புழுவாவது தள்ளிப்போவதில்லை. எடை எட்டியதும் உள்ளே சுரப்பு மாறிவிடுகிறது. எனக்குப் பழைய வருடம் ஒன்று நினைவு வந்தது. வார விடுமுறையில் இலை காய்ந்துபோய் ஒரு புழு பட்டினி கிடந்தது. திங்கட்கிழமை நான் பயந்துகொண்டே திறந்தால் அது கூட்டுப்புழுவாகவே ஆகியிருந்தது, ஆனால் சின்னதாக. வெளியே வந்த பட்டாம்பூச்சியும் சின்னது. அது பெரிதாகுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆகாது, இறகு வந்த பிறகு வளர்ச்சி கிடையாது. வளர்வதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான்.

ஜூலை 17

1-ம் டப்பா: 33. நேற்று 39.

டப்பாவின் அடியில் ஈரமாக, நீர்த்துப்போன எச்சம். புழு ஒரு மணி நேரமாகச் சுவர் சுவராக அலைந்து, மூலையில் நின்று, கூன் போட்டு, முதுகைச் சுற்றிப் பட்டு நூலால் இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டது. அளக்கும் முறை ஒரு பையனுடையது. மூன்று பேரும் அளந்தார்கள், 33, 34, 33. அவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டவே இல்லை. எழுதினான், பக்கத்தில் "கட்டிக்கொண்டது" என்று போட்டான், போய் உட்கார்ந்துவிட்டான். அதே 33. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

தராசில் வைக்கவில்லை. கயிற்றை அறுக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 19

நேற்று உரித்துவிட்டது. சுருண்டு சுருங்கிய தோல் டப்பாவின் அடியில் விழுந்திருந்தது, ஒரு நெல்மணி அளவுக்குத்தான். இன்று காலை அதைத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்து, ஊசி முனையால் விரித்து, ஐந்தாவது தலையைத் தேடினோம். முந்தைய நான்கும் முழு ஓடாக விழுந்தவை. இது நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது, கூட்டுப்புழு அதைப் பிளந்துகொண்டுதான் வெளியே வருகிறது. இரண்டு பாதியையும் டேப்பில் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, பிளவு சேருகிற இடத்தில் வைத்துப் படம் எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கினோம். ஒரு குழு 31 என்றது, இன்னொரு குழு 33, மூன்றாவது குழு 32. சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. மடித்த துண்டு 30.

மூன்று எண்களையும் சுவரில் எழுதினார்கள், 32-க்கு வட்டம் போட்டார்கள், பக்கத்தில் "உடைந்த தலை" என்று எழுதினார்கள்.